ஆண்கள் பக்கத்துத் தூண்

உங்கள் வீட்டுக்காரருக்குப் பாட வருமா?

போன சனிக்கிழமை காலையில் கிளாராவிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால், ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டாள். "அவரா? கோயில்ல ஒரு பாட்டு விடமாட்டாரே. ஆரம்பிச்சதுலருந்து முடியிற வரைக்கும் வாய் மூடாது" என்று பெருமையாகச் சொல்லியிருப்பாள்.

அன்று சாயங்காலம் கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்காது.

போன வாரம் விட்ட இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாட்டு வகுப்பில் சேர்ந்து நாலு மாசமாகியும் ஐந்து வயது ஷைனி ஒரு சத்தம் பாடவில்லை. வீட்டில் அவள் போடுகிற கூச்சலுக்குத் தெரு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். வகுப்பிலும் பேசுவாள், சிரிப்பாள், பக்கத்துப் பிள்ளையின் ரிப்பனை அவிழ்ப்பாள். பாட்டு என்று ஆரம்பித்தால் மட்டும் உதடு அசையும், சத்தம் வராது. "காதுல எல்லாச் சுரமும் விழுதான்னு ஒருக்கா டெஸ்ட் எடுத்துப் பாத்துருங்க அக்கா" என்று மலர்விழி டீச்சர் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து கிளாராவுக்குச் சோறு இறங்கவில்லை.

மலர்விழி ஒட்டன்சத்திரத்துக்காரி. முப்பது வயதுகூட இருக்காது. ஒரு சிமெண்ட் கடை மாடியில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் பாட்டு வகுப்பு நடத்துகிறாள். அவளிடம் ஒரு சட்டம் உண்டு. ஆறு வயதுக்குக் கீழே பிள்ளை தனியாக வரக் கூடாது. அம்மாவோ அப்பாவோ கூட வந்து பாயில் உட்கார்ந்து, அதே பாட்டைப் பிள்ளையோடு சேர்ந்து படிக்க வேண்டும். கிளாரா பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும். அதனால் அவள் கணவன் ரொனால்டுதான் வாரம் இரண்டு நாள் பெயிண்ட் கடையைச் சாத்திவிட்டு, மகளோடு போய்ப் பாயில் சம்மணம் போட்டு உட்காருகிறான்.

சனிக்கிழமை காலை டெஸ்ட்.

கண்ணாடி ரூமுக்குள் ஷைனியை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தாள் டெஸ்ட் எடுக்கும் பெண். "பீப்னு சத்தம் கேட்டா ஒரு கட்டைய எடுத்து டப்பால போடணும். சரியா?"

ஷைனி போட்டாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற கிளாரா, ஒவ்வொரு கட்டை விழும்போதும் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னாள். நடுவில் கொஞ்ச நேரம் கட்டை விழவில்லை. பக்கத்தில் நின்ற ரொனால்டின் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, கேக்கல போலருக்கே…"

"அந்தப் பொண்ணு இன்னும் சத்தமே குடுக்கல கிளாரா. செத்த நேரம் சும்மா இரு."

முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "ரொம்ப நல்ல காது மேடம். ரெண்டு பக்கமும் ஒரு குறையும் இல்ல."

"உங்க வளையல் சத்தம்கூட எனக்குக் கேட்டுச்சுக்கா" என்றாள் ஷைனி.

"போச்சு" என்றான் ரொனால்டு. "இனிமே வீட்ல ரகசியமே பேச முடியாது."

கிளாரா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. காது நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் பாட மாட்டேன் என்கிறாள்?

அந்தக் கேள்விக்கு மத்தியானம் சாப்பாட்டில் பதில் வைத்திருந்தார் கிளாராவின் அப்பா.

இருதயநாதனை அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கில் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், கோயிலில் முப்பது வருஷம் பாட்டு வாத்தியார். கோயிலில் இன்று பாடுகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையில் பழகியவர்கள்தான். கிளாராவும் அப்படித்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். சனிக்கிழமை மட்டும் மகள் வீட்டில் சாப்பாடு. அன்று கருவாட்டுக் குழம்பு.

"காது நல்லாருக்குன்னா சந்தோசம். அப்ப விசயம் காதுல இல்ல. ஞானம் இல்ல, அம்புட்டுத்தான்."

"அஞ்சு வயசுப் புள்ளையப் போயி ஏம்ப்பா இப்புடி…"

"அஞ்சா இருந்தா என்ன, அம்பதா இருந்தா என்ன? அது பெறக்கும்போதே வரணும்த்தா. பத்துப் புள்ளைய நிப்பாட்டிப் பாடச் சொன்னா, மொத வரியிலயே தெரிஞ்சு போகும், எதுக்கு வரும் எதுக்கு வராதுன்னு. வராததை வச்சு மாரடிச்சா அதுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்." கருவாட்டு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "உனக்கு வந்துச்சு. புள்ளைக்கு வரல. எல்லாம் ஒரு பக்கத்துலருந்தேவா வரும்?"

ரொனால்டு கரண்டியை எடுத்தான். "ரசம் ஊத்தவா மாமா?"

"கொஞ்சமா ஊத்துங்க மாப்ள." இருதயநாதன் கையைக் குவித்து ரசத்தை வாங்கிக் குடித்தார். "அந்த வகுப்பை நிப்பாட்டிரு கிளாரா. அந்த நேரத்துல அபாகஸ் சேத்து விடு. கணக்காவது உருப்படியா வரட்டும்."

கிளாராவுக்கு அப்பா பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. பாட்டு விஷயத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். "சரிப்பா. திங்கக்கெழமை டீச்சர்ட்ட சொல்லிர்றேன்."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே" என்றான் ரொனால்டு.

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். மாமனார் பேச்சுக்கு அவன் குறுக்கே பேசி யாரும் கேட்டதில்லை.

"அவளுக்கு அங்க போகப் புடிக்கும்."

"பாடாமலா?" என்றாள் கிளாரா.

"பாடாட்டியும் புடிக்கும்."

அவன் அதைச் சொன்ன விதம் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் ஷைனி கவுனில் பூஸ்டைக் கொட்டிக்கொண்டாள். கழுவி, வேறு கவுன் தேடி, இஸ்திரி போட்டு, ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வருகைப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

கிளாராவின் இடம் பீடத்துக்கு இடது பக்கம், கீபோர்டுக்குப் பக்கத்தில், பாடகர் குழுவோடு. எப்போதும் அரை மணி முன்னதாகவே போய்விடுவாள். ரொனால்டும் ஷைனியும் பிறகு வந்து ஆண்கள் பக்கம் நிற்பார்கள். அந்தக் கோயிலில் இன்றைக்கும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான். அன்று எல்லாரும் எழுந்து நிற்கும்போது குறுக்கே நடந்து முன்னால் போகக் கூச்சமாக இருந்தது. புருஷனுக்கும் மகளுக்கும் பின்னால், ஆண்கள் பக்கத்துத் தூணை ஒட்டி நின்றுகொண்டாள்.

கல்யாணமாகி எட்டு வருஷம். கோயிலில் பாட்டு நடக்கும்போது அவள் கணவன் பக்கத்தில் நிற்பது அதுதான் முதல் தடவை.

முன்னாலிருந்து பார்க்கும்போது அவளுக்கு அவன் வாய் தெரியும். எல்லாப் பாட்டுக்கும் அசையும். நாலு சரணம் பாட்டு என்றாலும் புத்தகத்தைப் பார்க்காமல் அசையும். மற்ற ஆண்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்க, தன் வீட்டுக்காரர் மட்டும் இப்படி என்று எத்தனை நாள் பூரித்துப் போயிருக்கிறாள்!

குழுவில் நின்று பழகியவர்களுக்குப் பக்கத்துக் குரலைக் காது தானாகத் தேடும். கிளாராவின் காது ரொனால்டின் குரலைத் தேடியது. கிடைக்கவில்லை. மைக் சத்தம் அமுக்குகிறது போல என்று ஒரு எட்டு முன்னால் வந்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்து, கிட்டத்தட்ட அவன் தோளில் கன்னம் படும் தூரத்துக்கு வந்தாள்.

உதடு அசைந்தது. சொல் சுத்தமாக, ஒரு எழுத்து தப்பாமல் அசைந்தது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

கிளாரா குனிந்து மகளைப் பார்த்தாள்.

ஷைனி தலையை நிமிர்த்தி அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறந்தால் திறந்தாள். மூடினால் மூடினாள். அதே மாதிரி, சத்தமில்லாமல்.

அதற்கப்புறம் பூசை எப்படி நடந்தது என்று கிளாராவுக்குத் தெரியாது.

வெளியே வந்ததும், செருப்பை மாட்டுகிற சாக்கில் குனிந்து கேட்டாள். "குட்டி, நீ ஏண்டி சத்தம் போட்டுப் பாடல?"

"பாடுனேனே!"

"எனக்குக் கேக்கலையே."

"ஐயோ அம்மா" என்று ஷைனி தலையில் அடித்துக்கொண்டாள். "பாட்டு வாய்க்குள்ளதான் பாடணும். அப்பா மாதிரி. நீங்க மைக் வச்சிருக்கீங்கல்ல, நீங்கதான் வெளிய பாடணும்."

ரொனால்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

"சேவுகம்பட்டிக்காரர் பெயிண்டுக்குக் காத்துக்கிட்டுருப்பாரு. கடைக்குப் போயிட்டுப் போவோம்" என்றான்.

கடை பழனி ரோட்டில். வந்தவருக்கு இளம்பச்சையில் நாலு டப்பா வேண்டும். ரொனால்டு வெள்ளையில் நிறத்தை ஊற்றி, ஒவ்வொரு டப்பாவாகக் குலுக்கும் மெஷினில் மாட்டினான். அது ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அந்தச் சத்தம் ஓய்ந்து, சேவுகம்பட்டிக்காரர் டப்பாக்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிற வரைக்கும் கிளாரா காத்திருந்தாள். ஷைனி கலர் அட்டைகளைத் தரையில் பரப்பி வைத்து விளையாடினாள்.

"சொல்லுங்க" என்றாள் கிளாரா.

"என்னத்தச் சொல்ல?"

"எம்புட்டு நாளா இப்புடி?"

ரொனால்டு கையில் ஒட்டிய பெயிண்டைத் துணியால் துடைத்தான். ஏற்கனவே துடைத்த விரலையே திரும்பவும் துடைத்தான்.

"மூணாங்கிளாஸ்லருந்து."

"என்னது?"

"நம்ம கோயிலுக்கு ஆயர் வந்தாரு, பிஷப்பு. புள்ளைக எல்லாம் சேந்து வரவேற்புப் பாட்டு. நான் வளத்தியா இருந்தேன், புது வெள்ளைச் சட்டை வேற. அதனால பாட்டுப் பழக்குனவருக்கு என்னைய வரிசைலருந்து எடுக்க மனசில்ல. 'நீ சத்தம் வெளிய விட்றாத அப்பு. வாயை மட்டும் அசை'ன்னாரு." அவன் சிரித்தான். "அசைச்சேன். பாட்டு அன்னைக்கு ரொம்ப நல்லா வந்துச்சு. ஆயர் எல்லாத்துக்கும் மிட்டாய் குடுத்தாரு, எனக்குந்தான். அப்புறம் அதுவே பழகிப் போச்சு."

"யாரு அப்புடிச் சொன்னது?"

ரொனால்டு துணியை மடித்து வைத்தான். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பங்கில் முப்பது வருஷத்துக்கு ஒரே ஒரு பாட்டு வாத்தியார்தான்.

"எங்கப்பாவா?"

"விடு கிளாரா."

"எட்டு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"பொண்ணு கேட்டு வந்த வீட்டுல சொல்ற சேதியா இது? 'மாமா, உங்க மகளைக் குடுங்க, அப்புறம் மூணாங்கிளாஸ்ல நீங்க…' நல்லாருக்குமா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முந்தியது என்று தெரியுமுன் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சனிக்கிழமை பூசை முடிந்தால் இருதயநாதன் நடந்து கடைக்கு வருவார். மாப்பிள்ளை வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுவான்.

"என்னத்தா, இன்னைக்குக் குழுவுல ஆளைக் காணோம்? உன் கொரல் இல்லாம காணிக்கைப் பாட்டு சப்புன்னு போச்சு."

"அப்பா, இவரை நீங்க சின்ன வயசுல பாடாதேன்னு சொன்னீங்களா?"

"கிளாரா!" என்றான் ரொனால்டு.

இருதயநாதன் ஸ்டூலில் உட்கார்ந்தார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஞாபகம் இல்லையே" என்றார். "சொல்லிருப்பேன். எத்தனையோ புள்ளைகளுக்குச் சொல்லிருக்கேன். சுதி சேராதவனைப் பாட விட்டா மொத்தப் பாட்டும் கெட்டுப் போகும்ல? வெளிய போடான்னு ஒருத்தனையும் நான் வெரட்டல. எல்லாரையும் மேடையில நிக்க வச்சேன்."

"நிக்க வச்சீங்க. அவரு இன்னும் அப்புடியேதான் நிக்கிறாரு. உங்க பேத்தியும் அவரைப் பாத்துப் பாத்து அப்புடியே நிக்கிறா. இதுதான் நீங்க சொன்ன ஞானம் இல்லாத கதை."

இருதயநாதன் தரையில் உட்கார்ந்திருந்த ஷைனியைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. அதற்குள் அவருடைய வாத்தியார் குரல்தான் முந்திக்கொண்டு வந்தது.

"அப்ப எல்லாத் தப்பும் எம்மேலயா? சரி, இருக்கட்டும்." எழுந்தார்.

"உக்காருங்க மாமா, நான் வண்டியில விடுறேன்."

"கால் நல்லாத்தான் இருக்கு மாப்ள. நடந்துக்குவேன்."

அவர் போவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தாத்தாவுக்குக் கோவமா?" என்றாள் ஷைனி.

கிளாரா மலர்விழிக்குப் போன் போட்டாள். காது டெஸ்ட் விஷயத்தையும், கோயிலில் பார்த்ததையும் சொன்னாள். அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் டீச்சர் "ஆமாங்களா, ஆமாங்களா" என்று கேட்டாள், கடைசியில் பெரிதாகச் சிரித்துவிட்டாள்.

"அட சாமி! நான் புள்ளையவே பாத்துட்டு இருந்தனுங்க அக்கா. பக்கத்துல இருந்த பெருசை விட்டுட்டேன். ஸ்பீக்கர்ல போடுங்க, நான் அவருகிட்டப் பேசறேன்."

"சொல்லுங்க டீச்சர்" என்றான் ரொனால்டு, தப்புப் பண்ணிய பிள்ளை போல.

"ஏனுங்கண்ணா, பெத்தவங்களை நான் எதுக்குப் பாயில உக்கார வெக்கறேன்? வேடிக்கை பாக்கறதுக்குங்களா? இந்த வயசுல புள்ளைக என்னைப் பாத்துக் கத்துக்கறதில்லைங்க. அப்பன் ஆத்தா வாயைப் பாத்துத்தான் கத்துக்கறாங்க. ஷைனிக்கு வரலைன்னு யாரு சொன்னது? நாலு மாசமா நீங்க சொல்லிக் குடுத்ததை அச்சுப் பிசகாமக் கத்துக்கிட்டாளுங்களே!"

"எனக்கு வராதுங்க டீச்சர். முப்பத்தொம்பது வயசாச்சு."

"நானுந்தான் ஆறு மாசமாக் கார் ஓட்டக் கத்துக்கறேன். நேத்துக்கூட பஸ் ஸ்டாண்டு முன்னாடி வண்டி ஆஃப் ஆகி, அத்தனை பேரும் திட்டுனாங்க. அதுக்குன்னு நடந்தா போறேன்? சுதி சேருதோ இல்லையோ, சத்தத்தை வெளிய விடுங்க. சேக்கறது என் வேலைங்க. காதும் தொண்டையும் எந்த வயசுலயும் பழகுமுங்கண்ணா. கொஞ்சம் மெதுவாப் பழகும், அவ்வளவுதான்."

போனை வைத்த பிறகு ரொனால்டு ஷட்டரைப் பாதி இறக்கினான். காலி டப்பாக்களை ஒதுக்கினான். செய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், குலுக்குகிற மெஷினில் ஒரு டப்பாவை மாட்டி ஸ்விட்சைப் போட்டான்.

"அது எந்த ஆர்டருக்கு?" என்று கிளாரா கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை.

மெஷினுக்கு முன்னால், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவன் காதுக்குப் பக்கத்தில் தாடை அசைவது தெரிந்தது. கிளாரா எழுந்து போனாள். கோயிலில் சாய்ந்தது போலவே, அவன் தோளுக்குப் பக்கத்தில் சாய்ந்தாள்.

மெஷின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. கரகரவென்று, எங்கே நிற்பது என்று தெரியாத சத்தம். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் காய்கறிச் சந்தைப் பாட்டு.

*முருங்கக்கா மூட்டை வருது, வழி விடுங்க, வழி விடுங்க…*

மூன்றே சுரம்தான் அந்தப் பாட்டு. அந்த மூன்றிலும் அவன் சேரவில்லை. கிளாரா முப்பது வருஷப் பாட்டு வாத்தியாரின் மகள். அவள் காதுக்கு அது நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் அவள் நகரவில்லை.

அப்போது மெஷின் நின்றது. ஷைனி ஸ்விட்சை அணைத்துவிட்டிருந்தாள்.

*…வழி விடு* என்று அவன் குரல் மட்டும் கடைக்குள் தனியாக நின்றது. ரொனால்டு சட்டென்று வாயை மூடினான். கழுத்து வரை சிவந்துபோனான்.

ஷைனி அவன் முன்னால் வந்து நின்று, வாயையே உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு வெளியவும் பாட்டு வருமா?"

"கொஞ்சமா வரும்" என்றான் ரொனால்டு. "நல்லாருக்காது."

"நல்லா இல்லதான்" என்றாள் ஷைனி. "இன்னொருக்கா பாடுங்க."

கிளாரா வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிப் பூசைக்குக் கிளாரா பாடகர் குழுவோடு நிற்கவில்லை, ஆண்கள் பக்கத்துத் தூணுக்கு அருகே நின்றாள். வருகைப் பாட்டுக்கு ரொனால்டு பாடினான். சுதி சேரவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஷைனி உதட்டை அசைக்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காணிக்கைப் பாட்டின் கடைசி வரியில் அவள் குரல் வந்தது. எல்லாரும் நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாத இருதயநாதன் அன்று வரவில்லை.